மூன்றாவது பெட்டியின் சிமிட்டல்

செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, சர்வீஸ் ரிப்போர்ட் ஒன்றைப் பிரிண்ட் எடுப்பதற்காகச் சென்னியப்பன் தன் பென் டிரைவை மோகனப்பிரியாவின் கம்ப்யூட்டரில் செருகினார். கணபதியில், சுந்தரராஜுலுவின் பட்டறை மாடி. கீழே லேத் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. திரையில் விரிந்த பட்டியலில் ரிப்போர்ட்டுக்கு மேலே பத்துப் பன்னிரண்டு படங்கள் இருந்தன. சந்தனக் காப்பில் செல்லாண்டியம்மன். எலுமிச்சை மாலையோடு செல்லாண்டியம்மன். அங்காளம்மன். வெள்ளைக் காருக்கு முன்னால் கைகட்டி நிற்கும் பெரியவர் ஒருவர். மாலை போட்ட போட்டோவுக்குள் முறைத்துக்கொண்டிருந்த மீசைக்காரர் ஒருவர்.

இதெல்லாம் என்ன என்று அவள் கேட்டாள். பேச்சுக்குக் கேட்டதுதான். பேச்சுக்குக்கூட அதிகம் கேட்கிறவள் இல்லை அவள்.

“நம்ம பெட்டியில ஒரு மஞ்சப்பூப் படம் வருதுல்லீங்க அம்மணி, அதை எந்த ஹேச்சரிக்காரரும் வெச்சுக்கறதில்லீங்க” என்றார் சென்னியப்பன். “அவங்கவங்க கொலசாமியக் கேப்பாங்க. மாத்திப்போட்டு வருவேன். பதினோரு வருசமா இதுதான்.”

அந்தப் பட்டறையில் செய்வது, ஹேச்சரிகளில் கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரத்தின் சூட்டையும் காற்றையும் பார்த்துக்கொள்ளும் கண்ட்ரோல் பெட்டி. அதன் முகப்பில் உள்ளங்கை அளவு திரை. திரையில் மஞ்சள் பூ. அந்தப் பூவை வைத்தது சுந்தரராஜுலுவின் மகன் வம்சி. பெட்டியை ஓட்டும் நிரலை வம்சி எழுதிக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய் நான்கு வருடமாகிறது. பூ போன பிறகு அங்கே யார் குடியிருந்தார்கள் என்பது மாடியில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது. கேட்கவும் தோன்றியதில்லை.

மோகனப்பிரியா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“ஞாயித்துக்கிழமை பாப்பாயக்கா ஹேச்சரிக்குப் போனீங்களே, அங்கயும் மாத்துனீங்களா?”

மாற்றியதாகத்தான் சொன்னார். மூன்று பெட்டியிலும் புது அப்டேட்டைப் போட்டாராம். அவள் எழுதிக்கொடுத்தபடி ஒவ்வொன்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டு நிறுத்தி எடுத்தாராம். பச்சை விளக்கு வந்ததாம். ஆனால் அப்டேட் போட்டதில் மஞ்சள் பூ திரும்ப வந்துவிட்டது. பாப்பாயக்கா முகம் சுளித்தது. அதனால் அம்மனைத் திரும்ப வைத்துவிட்டு வந்தாராம்.

“வெச்ச பொறவு நிறுத்தி எடுத்தீங்களாங்ணா?”

“எதுக்குங்க? படம் வந்துருச்சே.”

அவள் திரும்பிச் சுவரில் இருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தாள். மின் நிறுத்த நாளில்தான் பழுதுக்கு போன் வரும் என்பதால், எந்தெந்த ஊருக்கு என்றைக்கு ஷட்-டவுன் என்று பேப்பரைப் பார்த்து அதில் எழுதிவைப்பது அந்தப் பட்டறை வழக்கம். நேற்று மாலை சென்னியப்பனே எழுதியிருந்தார். இன்றைக்குச் சூலூருக்கு அந்தப் பக்கம் ஆறு ஊர்கள். காலை 9 முதல் மாலை 4 வரை. நான்காவது ஊர் பாப்பாயியின் ஊர்.

ஹேச்சரியில் ஜெனரேட்டர் இருந்தது. ஆனால் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கிற அந்தப் பத்து நொடியில் பெட்டிகள் அணைந்து மறுபடி எழ வேண்டும். இந்த முறை அவை எழாது. எழாதபடி செய்தவள் அவள்தான்.

போன ஆனி மாதம் நடந்ததை அவள் மறக்க முயன்றதே இல்லை. பாப்பாயியின் ஹேச்சரியில் ஒரு பெட்டிக்குள் இருந்த கோப்பு பாதி அழிந்துபோயிருந்தது. எந்த நாளில் எத்தனை டிகிரி சூடு என்று எழுதியிருக்கும் அட்டவணைக் கோப்பு அது. கரண்ட் போய் வந்ததும் பெட்டி எழுந்து, மிச்சமிருந்த குப்பையைப் படித்து, அதையே வேதவாக்காக எடுத்துக்கொண்டு சூட்டை ஏற்றியது. தொண்ணூற்றெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டில் இருக்க வேண்டியது நூற்றாறுக்குப் போனது. போர்டு மாற்றுவதற்காக அவளும் சென்னியப்பனோடு போயிருந்தாள். தட்டுத் தட்டாக இழுத்துப் பார்த்தார்கள். ஓட்டை உடைத்து அலகை மட்டும் வெளியே நீட்டியபடி நின்றுபோன குஞ்சுகள். அந்த வாடை மூன்று நாள் அவள் தலைமுடியில் இருந்தது.

பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுச் சால்டரிங் வேலைக்கு வந்தவள் அவள். ஏழு வருடமாகப் பெட்டிகளுக்குள்ளேயே இருந்ததில் நிரல் படிக்கப் பழகியிருந்தாள். கரண்ட் வந்ததும் பெட்டிக்குள் முதலில் கண் விழிக்கிறது ஒரு சின்ன நிரல். பூட்லோடர் என்பார்கள். அது எழுந்து, பெரிய நிரலைத் தட்டி எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். எழுப்புகிறவனுக்குக் கொஞ்சம் கண் தெரிந்தால் என்ன என்று அவள் யோசித்தாள். ஆறு மாதம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண். கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். நான்கு கோப்புக்கும் நான்கு கைரேகை எழுதிய பட்டியலைப் பெட்டிக்குள் வைத்தாள். வரிவரியாகப் படித்து அதன்படி நடக்கிற ஸ்கிரிப்ட் ஒன்றையும் பூட்லோடருக்குக் கொடுத்தாள். முதல் கோப்பைச் சரிபார். இரண்டாவதைச் சரிபார். மூன்றாவது, நான்காவது. எல்லாம் பொருந்தினால் பச்சை விளக்கு, பெரிய நிரலை எழுப்பு. ஒன்று பொருந்தாவிட்டாலும் எழுப்பாதே. சிவப்பு விளக்கைச் சிமிட்டு. முதல் கோப்பு கெட்டிருந்தால் ஒரு சிமிட்டல், நான்காவது கெட்டிருந்தால் நான்கு. அதுதான் ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் போட்ட புது அப்டேட்.

நான்காவது கோப்பு அந்த மஞ்சள் பூ. அதுவும் பெட்டிக்குள் இருந்தது, சேர்த்தாள். சந்தேகம் வந்தால் எழாதே என்ற அந்த வரியை எழுதிய நாள் அவள் நிம்மதியாகத் தூங்கினாள். நின்றுபோவது ஆபத்தில்லாத காரியம் என்று அப்போது நினைத்தாள். குஞ்சு பொரிகிற அறையில் காற்றாடி நின்றால் என்ன ஆகும் என்பதை யோசிக்கவில்லை. மூடிய இயந்திரத்துக்குள் ஐயாயிரம் குஞ்சுகள் தங்கள் மூச்சிலேயே வெந்துபோகும். அரை மணி நேரம் தாங்கும் என்பார்கள். முட்டை வைத்து இன்றைக்கு இருபதாம் நாள். பாதிக் குஞ்சுகள் ஓட்டுக்கு வெளியே வந்திருக்கும்.

அவள் சொல்லி முடித்தபோது சென்னியப்பன் வாயில் இருந்த வெற்றிலையை மெல்ல மறந்திருந்தார்.

பாப்பாயிக்குப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஹேச்சரிக்குள் போகிறவர்கள் வெளியறை அலமாரியில் செல்போனை வைத்துப் பூட்டிவிட்டு, குளித்து, அங்கே கொடுக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வெளியூர்க் கிருமி உள்ளே வரக் கூடாது. குஞ்சு வருகிற நாட்களில் பாப்பாயி விடியற்காலையில் உள்ளே போனால் ஒன்பது மணிக்குத்தான் காபிக்கு வெளியே வருவார்.

சுந்தரராஜுலு வீட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் குழாயை மூடினார். மின்வாரியத்தில் தெரிந்தவர்களைப் பிடித்துப் பார்க்கிறேன் என்றார். பிறகு, “தெரியாத வேலையில கை வெக்காதேன்னு அன்னிக்கே சொன்னேன். இப்ப பேசறதுக்கு நேரமில்லை. நீ கெளம்பும்மா” என்றார். திட்டியிருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

கம்பெனி ஆம்னி வேனில் கிளம்பும்போது ஏழு ஐம்பது. மோகனப்பிரியா முன் சீட்டில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டாள். தன் சோதனை வேலைக்கு வசதியாக ஒரு வழி வைத்திருந்தாள். பெட்டி எழும்போது பென் டிரைவ் செருகியிருந்தால், பூட்லோடர் தன் ஸ்கிரிப்டை விட்டுவிட்டு அதிலிருப்பதைப் படிக்கும். புதிய கைரேகை எழுதலாம் என்றால் எந்தப் பெட்டியில் எந்தப் படம் என்று சென்னியப்பனுக்கு நிச்சயமில்லை. இரண்டில் அம்மன், ஒன்றில் பாப்பாயக்காவின் வீட்டுக்காரர் பொங்கியண்ணன் என்றார். அதை அங்கே போய்த்தான் பார்க்க முடியும். கரண்ட் போவதற்குள் போய்ச் சேர்ந்தால், பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டியலைத் திருத்திவிடலாம். சேராவிட்டால்?

சேராவிட்டால் எதையும் பார்க்காமல் எழுப்பிவிடுகிற இரண்டு வரி ஸ்கிரிப்ட் போதும். அதை எழுதினாள். அதற்குக் குருட்டுச்சாவி என்று பெயர் வைத்தாள். ஆறு மாதம் உட்கார்ந்து பெட்டிக்குக் கண் கொடுத்தவள் இரண்டு நிமிடத்தில் அந்தக் கண்ணைக் கட்டிவிட்டாள். சாவியைப் பென் டிரைவில் ஏற்றினாள். வேன் அப்போது சிங்காநல்லூர் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.

சிக்னல் மூன்று முறை பச்சையாகி மூன்று முறை சிவந்தது. முன்னால் ஒரு மில் பஸ் அசையவில்லை. சென்னியப்பன் ஹாரனில் கை வைத்தார், எடுத்தார். அவள் பதினோராவது முறையாகப் பாப்பாயிக்குப் போன் போட்டாள்.

“அம்மணி, ஒண்ணு கேக்கட்டுங்களா” என்றார் சென்னியப்பன் சாலையைப் பார்த்தபடி. “படம் மாத்தறது தப்புன்னு ஆராச்சும் சொல்லியிருந்தா மாத்தியிருப்பனா?”

அவள் லேப்டாப் மூடியைச் சாத்தினாள். அவர் சொன்னதில் தவறே இல்லை.

சுந்தரராஜுலு திரும்ப அழைத்தார். மின் கம்பத்தில் ஆட்கள் ஏறத் தயாராக நிற்கிறார்களாம். ஒரு ஹேச்சரிக்காக ஆறு ஊர் வேலையை நிறுத்த முடியாது என்றார்களாம். ஒன்பது என்றால் ஒன்பதுக்கு முன்னாலும் போகலாம் என்றும் சொன்னார்களாம்.

எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஹேச்சரி வாசல். வேன் சக்கரம் வாசல் குழியிலிருந்த கிருமி மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏறுகிற வரைக்கும் பொறுக்காமல் அவள் குதித்து ஓடினாள். வெளியறையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மாசாணியம்மாள் என்று பெயர். யார் வந்தாலும் குளிக்காமல் உள்ளே விடக் கூடாது என்பது அவருடைய வேலை. மோகனப்பிரியா மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். மாசாணியம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் துண்டையும் சோப்பையும் நீட்டினார்.

“அஞ்சு நிமிசந்தான் கண்ணு. தலைக்கு ஊத்திக்கோணும். போன வருசம் இதே மாதர வெசயா ஓடியாந்தவங்கதான் சீக்கக் கொண்டாந்து உட்டாங்க.”

வாதாட அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நேரமில்லை. லேப்டாப்பையும் பென் டிரைவையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கக் கொடுத்துவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்தினாள். தண்ணீர் ஜில்லென்று தலையில் விழுந்தது. சோப்பு கையிலிருந்து வழுக்கியது. குனிந்து தேடிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேல் எரிந்த பல்பு அணைந்தது.

அவள் அப்படியே நின்றாள். கண்ணில் சோப்பு எரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். ஒன்பதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. பல்பு திரும்ப எரிந்தது. அவள் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தாள். மூன்று பெரிய காற்றாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்ற ஆரம்பித்தால் இந்தச் சுவரே லேசாக அதிரும் என்பது போன வருடம் தெரிந்துகொண்டது. சுவர் அதிரவில்லை. ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பின்னால் ஆயிரக்கணக்கில் கீச்சுக் குரல்கள் மட்டும் கேட்டன.

அளவில்லாத நீல உடுப்பு, கணுக்காலுக்கு மேல் ஏறிய ரப்பர் பூட்ஸ், சொட்டும் தலைமுடி. அப்படியே உள்ளே ஓடினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து சென்னியப்பனும் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வந்தார். நீண்ட அறையின் ஒரு பக்கம் ஆளுயரக் கதவுகளோடு மூன்று பொரிப்பு இயந்திரங்கள். மூன்று முகப்பிலும் சிவப்பு. அவற்றுக்கு முன்னால் பாப்பாயி நின்றார். ஐம்பத்தைந்து வயது, ஒட்டிய கன்னம், கண் கதவுக் கண்ணாடிக்குள் தொங்கிய பாதரசத் தெர்மாமீட்டரில். கை கதவுப் பிடியில் இருந்தது. திறக்கவில்லை.

“ஏனுங்க சென்னியப்பா, எப்பவும் பச்சைதான வரும்? இன்னிக்கென்ன மூணும் கண்ணச் செவத்துக்கிட்டு நிக்குது?” என்றார். “கதவத் தொறந்தா ஈரம் போயிரும். தொறக்காட்டி மூச்சு நின்னுரும். நா எதைச் செய்யட்டும், சொல்லுங்க.”

எழுப்பிவிடுகிறோம் என்று சென்னியப்பன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மோகனப்பிரியா முதல் பெட்டியில் பென் டிரைவைச் செருகி ஸ்விட்சை நிறுத்தி எடுத்தாள். செருகுவதற்கு முன் அனிச்சையாக எண்ணியிருந்தாள். நான்கு சிமிட்டல். அம்மன். இருபது நொடி ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டாவது நொடியில் தரை அதிர்ந்து காற்றாடி சுற்றத் தொடங்கியது. பாப்பாயியின் வாயிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. இரண்டாவது பெட்டி. நான்கு சிமிட்டல். செருகினாள், நிறுத்தினாள், எடுத்தாள். அதுவும் சுற்றியது.

சென்னியப்பன் அவள் கையிலிருந்து பென் டிரைவை வாங்கிக்கொண்டு மூன்றாவதுக்கு முன்னால் போய்விட்டார். அவர் கைதான் வேகம். அவள் பின்னாலேயே வந்தாள். சிவப்பு விளக்கு சிமிட்டியது. ஒன்று, இரண்டு. இடைவெளி. ஒன்று, இரண்டு.

மீதி இரண்டைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். ஒன்று, இரண்டு. அவ்வளவுதான்.

இரண்டாவது கோப்பு சூட்டு அட்டவணை. போன ஆனியில் அழிந்த அதே கோப்பு. இந்தக் குருட்டுச்சாவியைப் போட்டால் பெட்டி எழும், காற்றாடி சுற்றும், எல்லோரும் மூச்சு விடுவார்கள். அப்புறம் அந்தப் பெட்டி குப்பையைப் படிக்கும்.

அவள் சென்னியப்பனின் மணிக்கட்டைப் பிடித்தாள். தன் அப்பா வயதில் இருக்கிற மனிதரின் கையை அப்படிப் பிடிப்பாள் என்று அவளே நினைத்திருக்க மாட்டாள்.

“போடாதீங்கண்ணா.”

“அம்மணி, நேரமாகுது.”

“இது வேறைங்கண்ணா. ரெண்டுதான் சிமிட்டுது.”

“போடுங்க சென்னியப்பா” என்றார் பாப்பாயி. குரல் இப்போது உடைந்திருந்தது. “நூத்தி ஒண்ணு ஆயிருச்சு. போன தடவ வெந்ததையெல்லாம் அள்ளிக் குழியில போட்டது இந்தக் கைதான். இன்னொருக்கா என்னால ஆகாது.”

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். கதவுக்கு உள்ளே கீச்சுக் குரல்கள் முன்னைவிட வேகமாகி, மெலிந்துகொண்டிருந்தன. தவறாக எண்ணியிருந்தால்? விளக்கே பழுதாயிருந்தால்? வெறும் படத்துக்காக ஐயாயிரம் உயிரைத் தடுத்து நிற்கிறாளா? பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டால் எழுந்து நிற்பாள். விடை தெரிந்திருந்தாலும் வாய் திறக்காது. அவள் வாயைத் திறந்தாள்.

“சூட்டுக் கணக்கு கெட்டிருக்குதுங்க்கா. இப்ப எழுப்புனா அன்னிக்கு மாதிரியே வேக வெச்சுரும். எனக்கு ஒரு நிமிசம் குடுங்க.”

அவள் தரையில் உட்கார்ந்து பெட்டியின் பக்கவாட்டில் இருந்த துளையில் லேப்டாப்பின் ஒயரைச் செருகினாள். பூட்லோடர் அங்கேதான் விழித்தபடி உட்கார்ந்திருந்தது, அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டு. அதற்குச் சூடு தெரியாது, நாள் கணக்கு தெரியாது. ஆனால் காற்றாடிக்குப் போகிற ஒயர் எதுவென்று தெரியும். அந்த ஒயருக்குக் கரண்டைக் கொடு என்று ஒரு வரி போதும். ஹீட்டர் வேண்டாம். காற்று மட்டும். ஈரத் தலையிலிருந்து நீர் கீபோர்டில் சொட்டியது. முதல் தடவை ஓர் எழுத்து பிசகியது. புரியவில்லை என்றது பூட்லோடர். இரண்டாம் தடவை ஒவ்வோர் எழுத்தாக, ஒரே விரலால் அடித்தாள்.

காற்றாடி சுற்றியது.

அவள் எழுந்து நிற்கவில்லை. அடுத்த வரியை அடிக்கத் தொடங்கினாள். பாப்பாயி கதவின் சிறு கண்ணாடி வழியாகத் தெர்மாமீட்டரைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். நூற்றொன்றரை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. நூற்றொன்று. நூறு. அதற்குள் லேப்டாப்பிலிருந்த நல்ல அட்டவணையை அவள் பெட்டிக்குள் எழுதி, கைரேகையைச் சரிபார்த்து, படத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றும் பொருந்தியதும் பெரிய நிரலை எழுப்பினாள். திரையில் மாலைக்குள்ளிருந்து பொங்கியண்ணன் முறைத்தார்.

மூன்றாவதன் கீழ்த்தட்டுகளில் அறுபது எழுபது குஞ்சுகள் செத்துப்போயிருந்தன. காற்று கடைசியாகப் போய்ச் சேர்கிற இடம் அது. பாப்பாயி அவற்றை ஒரு பிளாஸ்டிக் தட்டில் எடுத்து வைத்தார். பிறகு இது யார் செய்த வேலை என்று கேட்டார்.

சென்னியப்பன் முந்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காபிக்குக் கூப்பிட்ட அவசரத்தில் மூன்றாவது பெட்டியில் பென் டிரைவைப் பாதியில் பிடுங்கிவிட்டதாகவும், அட்டவணை அதனால்தான் கெட்டிருக்கும் என்றும் சொன்னார். அவர் அதை நிஜமாகவே நம்பினார். மோகனப்பிரியா தட்டில் கிடந்த குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே, பெட்டியை எழாமல் நிறுத்தியது தான்தான் என்றாள். படம் மாறினால்கூட நிற்கும்படி எழுதியது, நின்றால் காற்றும் நிற்கும் என்று யோசிக்காமல் விட்டது, எல்லாவற்றையும் சொன்னாள். சுருக்கமாகச் சொல்லத் தெரியாமல் முழுவதையும் சொன்னாள்.

பாப்பாயி கேட்டுவிட்டுத் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டார்.

“நாலு மணிக்குக் கரண்ட் வரும்” என்றார். “ஜெனரேட்டர் நின்னு மாறும். அப்ப மறுக்காவும் இது மூணும் அணையும், இல்லீங்களா? அது எந்திரிக்கறதப் பாத்துப்போட்டுத்தான் நீ இந்த வாசலத் தாண்டோணும்.”

அவர் சொல்லாவிட்டாலும் அவள் போயிருக்க மாட்டாள்.

பகல் முழுவதும் அந்த அறையின் மூலையில் ஒரு முட்டைத் தட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தினாள். புதிய பட்டியலில் அம்மனும் பொங்கியண்ணனும் தங்கள் தங்கள் கைரேகையோடு இடம்பிடித்தார்கள். இனி யாராவது படத்தை மாற்றினால் பெட்டி ஓடிக்கொண்டே புகார் சொல்லும், நிற்காது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியாக, காற்றைப் போட்டாள். எழுந்தவுடன் காற்றாடியை ஓட்டு. பிறகு சரிபார். சந்தேகம் வந்தால் எழுப்பாதே, ஆனால் காற்றை நிறுத்தாதே.

மூன்று பெட்டியிலும் எழுதியாகிவிட்டது. ஒருமுறை நிறுத்தி எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மெல்லக் கேட்டும் பார்த்தாள்.

“என்ற குஞ்சுகள வெச்சுப் பரிச்சை எழுதாத கண்ணு” என்றார் பாப்பாயி. “ஒருக்காத்தான் நிக்கும். அது நாலு மணிக்கு.”

அதனால் சோதிக்காத ஸ்கிரிப்டோடு அவள் காத்திருந்தாள். பன்னிரண்டு வரிகள். முதல் வரியிலிருந்து கடைசி வரி, கடைசியிலிருந்து முதல் வரி என்று படித்தாள். ஐந்தாவது வரியில் ஒரு புள்ளி அதிகமாக இருப்பது போலத் தோன்றியது. இல்லை. மாசாணியம்மாள் கொண்டுவந்து வைத்த தக்காளி சாதம் அப்படியே ஆறியது. சென்னியப்பன் இரண்டு முறை வெளியே போய், குளித்து உள்ளே வந்தார். இரண்டாம் முறை வேனிலிருந்த உதிரிக் கண்ட்ரோல் பெட்டியைத் துடைத்து எடுத்துவந்து சுவரோரம் வைத்தார். இருக்கட்டும் என்றார்.

மூன்று நாற்பதுக்கு, யாரும் எதிர்பார்க்காதபோது, அறை இருண்டது.

மூன்று காற்றாடிகளும் சுருதி இறங்கி இறங்கி நின்றன. கீச்சுக் குரல்கள் திடீரென்று பெரிதாகக் கேட்டன. பாப்பாயி அவள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். ஈர மருந்து வாசனை. அவள் எண்ணத் தொடங்கினாள். ஐந்து. ஆறு. முதல் வரியில் ஒயரின் எண்ணைச் சரியாக எழுதினோமா? எட்டு. மூன்று பெட்டிக்கும் ஒரே எண்தானா? பத்தில் விளக்குகள் எரிந்தன.

பதினொன்று. பன்னிரண்டு.

எந்த விளக்கும் பச்சையாவதற்கு முன்னால் தரை அதிர்ந்தது. ஒரு காற்றாடி. உடனே இன்னொன்று. கொஞ்சம் தள்ளி மூன்றாவதும். அப்புறம்தான் முதல் பெட்டியில் பச்சை வந்தது. அம்மன் வந்தாள். இரண்டாவதில் பச்சை.

மூன்றாவது சிவப்பாகவே இருந்தது. ஒன்று, இரண்டு. இடைவெளி. ஒன்று, இரண்டு.

காலையில் அவள் கையாலேயே எழுதிச் சரிபார்த்த அட்டவணை ஆறு மணி நேரத்தில் மறுபடி அழிந்திருந்தது. அப்படியானால் சென்னியப்பன் பிடுங்கியதில் குற்றமில்லை. அந்தப் பெட்டியின் நினைவுச் சில்லுக்குள்ளேயே ஓர் இடம் செத்துக்கொண்டிருந்திருக்கிறது. ஞாயிறன்றோ அதற்கு முன்போ தொடங்கியிருக்கும். இன்றைக்கு எழாமல் நிற்காவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சென்னியப்பன் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உதிரிப் பெட்டியை நோக்கிப் போனார்.

“செவப்புத்தான எரியுது?” என்றார் பாப்பாயி.

“ஆமாங்க்கா. இதை மாத்தோணும். பத்து நிமிசம் ஆகும்.”

பாப்பாயி மூன்றாவது கதவின் காற்றுத் துவாரத்தில் உள்ளங்கையை வைத்தார். அங்கிருந்து வந்த காற்றில் அவர் முன்தலை நரைமுடி ஆடியது. கையை எடுக்கவே இல்லை. பழைய பெட்டியைக் கழற்றும்போது காற்றாடிக்கு மட்டும் தனியாக ஒயர் கொடுக்க வேண்டும் என்று மோகனப்பிரியா சென்னியப்பனிடம் சொன்னாள். பிறகு சிவப்பு விளக்கைப் பார்த்து இன்னொரு முறை எண்ணினாள். இரண்டுதான்.